தோற்றவரைத் தலைகுனிய வைக்காத சமாதானம்



ஜனவரி மாதத்தின் முதல் நாளைத் திருச்சபை உலக அமைதி நாளாகச் சிறப்பிக்கிறது. திருத்தந்தை 6-ஆம் பவுல் 1968-இல் தொடங்கி வைத்த நல்ல வழக்கம் இது. அதே மாதத்தின் 30-ஆம் நாள், 1948-இல் காந்தியடிகள் சுட்டுக் கொல்லப்பட்ட நாள். முதல் நாளன்று திருப்பலியில் அமைதிக்காகச் செபிக்கிறோம். 30-ஆம் நாளன்று இரண்டு நிமிடம் மௌனமாக நிற்கிறோம். ஆனால் அமைதி எப்படி வரும், வந்த அமைதி எப்படி நிலைக்கும் என்று நாம் எத்தனை முறை சிந்தித்திருக்கிறோம்?

போர் ஓய்ந்த பிறகு அமைதியைப் பற்றிப் பேசுவது எளிது. போர் நடந்துகொண்டிருக்கும்போதே, வெற்றி வெறியும் பழிவாங்கும் வெறியும் தலைக்கேறி நிற்கும்போதே, நாளைய அமைதிக்கு வழி சொல்வது அரிது. அப்படி வழி சொன்ன இருவரைப் பற்றி இங்கே பார்ப்போம். ஒருவர் முதல் உலகப் போர்க்காலத்துத் திருத்தந்தை 15-ஆம் பெனடிக்ட். மற்றவர் இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் நம் நாட்டை வழிநடத்திய காந்தியடிகள். காந்தியடிகளின் அமைதித் திட்டத்தையே விரிவாகப் பார்க்கப் போகிறோம். ஏனெனில், அவர் நம் நாட்டவர் என்றாலும் அந்தத் திட்டம் நம்மில் பலருக்குத் தெரியாது.

1917-இல் ஒரு குரல்

முதல் உலகப் போர் 1914-இல் தொடங்கியது. அந்தப் போரில் நம் நாட்டிலிருந்து மட்டும் 13 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் கடல் கடந்து அனுப்பப்பட்டார்கள். ஏறத்தாழ 74,000 பேர் திரும்பி வரவில்லை. போரின் மூன்றாம் ஆண்டு முடிந்த நாளான 1917 ஆகஸ்டு 1-ஆம் தேதியிட்டு, திருத்தந்தை பெனடிக்ட் போரிடும் நாடுகளின் தலைவர்களுக்கு ஓர் அமைதி மடல் எழுதினார். நடப்பது பயனற்ற படுகொலை என்று அதில் துணிந்து சொன்னார்.

அவர் வெறுமனே புலம்பவில்லை, தெளிவான திட்டங்களை முன்வைத்தார். ஆயுத பலத்தின் இடத்தில் நீதியின் பலம் வர வேண்டும். எல்லா நாடுகளும் ஒரே நேரத்தில் படைகளைக் குறைக்க வேண்டும். தகராறுகளை நடுவர் மன்றம் தீர்க்க வேண்டும். கடல்வழி எல்லாருக்கும் திறந்திருக்க வேண்டும். போர்ச் சேதத்துக்கான இழப்பீடுகளைப் பொதுவாக ஒருவருக்கொருவர் மன்னித்துவிட வேண்டும். பிடித்த நிலங்களைத் திருப்பித் தர வேண்டும். எல்லைச் சிக்கல்களில் அந்தந்த மக்களின் விருப்பத்தையும் கருத்தில் கொள்ள வேண்டும்.

பலன் என்ன? இரு தரப்பாரும் அவரைச் சந்தேகித்தார்கள். திருத்தந்தை எதிரியின் பக்கம் சாய்கிறார் என்று இரண்டு பக்கமும் ஒரே குற்றச்சாட்டு எழுந்தது. 1919-இல் பாரிசில் நடந்த சமாதான மாநாட்டில் அவருக்கு இடமே தரப்படவில்லை.

அந்த மாநாடு செய்த சமாதானம் எத்தகையது? 1919 ஜூன் 28-ஆம் நாள் வெர்சாய் அரண்மனையின் கண்ணாடி மண்டபத்தில் ஜெர்மனி கையெழுத்திட வைக்கப்பட்டது. 1871-இல் பிரான்சை வென்ற ஜெர்மனி, தன் பேரரசை அறிவித்து விழா எடுத்த அதே மண்டபம் அது. அன்று பட்ட அவமானத்தைப் பிரான்சு அதே இடத்தில் திருப்பிக் கொடுத்தது. போருக்கான பொறுப்பு ஜெர்மனியின் மீதும் அதன் கூட்டாளிகள் மீதும் சுமத்தப்பட்டது. 1921-இல் 13,200 கோடி தங்க மார்க் இழப்பீடாக விதிக்கப்பட்டது.

கதை அத்தோடு முடியவில்லை. 1918 நவம்பரில் ஜெர்மனி போர் நிறுத்தத்துக்குக் கையெழுத்திட்டது ஓர் இரயில் பெட்டியில். 1940 ஜூனில் பிரான்சை வென்ற இட்லர், அந்தப் பெட்டியையே தேடி எடுத்து, பழைய இடத்தில் நிறுத்தி, அதற்குள் பிரெஞ்சுக்காரர்களைக் கையெழுத்திட வைத்தார். 1871, 1919, 1940 என்று ஒரே அவமானம் கை மாறி மாறிச் சென்றது. ஒவ்வொரு முறையும் வென்றவர் அதற்குச் சமாதானம் என்று பெயர் வைத்தார். உண்மையில் அது அடுத்த போருக்கு இட்ட விதை.

1942 தீர்மானத்தின் மறந்துபோன பகுதி

1942 ஆகஸ்டு 8-ஆம் நாள் பம்பாயில் கூடிய அனைத்திந்திய காங்கிரசுக் குழு, வெள்ளையனே வெளியேறு தீர்மானத்தை நிறைவேற்றியது. செய் அல்லது செத்து மடி என்ற காந்தியடிகளின் முழக்கமும், மறுநாள் விடியுமுன் தலைவர்கள் கைதானதும், கூட்டத்துக்குச் சென்றிருந்த காமராசர் காவலர் கண்ணில் படாமல் தமிழகம் திரும்பியதும் பள்ளிப் பாடத்தில் நாம் படித்தவைதான். அந்தத் தீர்மானத்துக்குள் உலக அமைதிக்கான ஒரு திட்டமும் இருந்தது என்பது பலருக்குத் தெரியாது.

உலகத்தின் வருங்கால அமைதிக்குச் சுதந்திர நாடுகளின் உலகக் கூட்டாட்சி ஒன்று தேவை என்று அத்தீர்மானம் கூறியது. ஒரு நாடு இன்னொரு நாட்டைத் தாக்குவதையும் சுரண்டுவதையும் அந்தக் கூட்டாட்சி தடுக்கும். சிறுபான்மை இனங்களைக் காக்கும். பின்தங்கிய பகுதிகளை முன்னேற்றும். உலகின் வளங்களை எல்லாருடைய நன்மைக்காகவும் ஒன்று சேர்க்கும். அது அமைந்தபின் நாட்டுக்கு நாடு தனிப் படைகள் தேவைப்படாது. ஒரே ஓர் உலகப் பாதுகாப்புப் படை அமைதியைக் காக்கும். சுதந்திர இந்தியா அதில் சமமான உறுப்பினராக மகிழ்வோடு சேரும்.

அடிமைப்பட்டிருந்த ஒரு நாடு, தன் விடுதலையைக் கேட்கும் மனுவிலேயே, உலகம் முழுவதற்கும் சேர்த்துக் கேட்டது என்பதை நாம் கவனிக்க வேண்டும். அப்போது போர் நம் வாசலுக்கே வந்திருந்தது. அந்த ஆண்டு ஏப்ரலில் விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் சப்பான் குண்டு வீசியது. பர்மாவில் பிழைக்கப் போன தமிழர்கள் குடும்பம் குடும்பமாகக் காட்டு வழியே நடந்து ஊர் திரும்பினார்கள். வழியிலேயே மாண்டவர் பலர். மலாயாத் தோட்டங்களிலிருந்து சயாம் இரயில் பாதை போடக் கொண்டு செல்லப்பட்ட தமிழ்த் தொழிலாளர்கள் ஆயிரக்கணக்கில் மடிந்தார்கள்.

1945 ஏப்ரல் 17-ஆம் நாள் அறிக்கை

மூன்று ஆண்டுகள் கழிந்தன. போர் முடிவை நெருங்கியது. வெற்றி பெறப் போகிற நேச நாடுகள், ஐக்கிய நாடுகள் அமைப்பை உருவாக்க 1945 ஏப்ரல் 25-ஆம் நாள் சான் பிரான்சிஸ்கோ நகரில் கூட இருந்தன. அதற்கு எட்டு நாள் முன்பு காந்தியடிகள் பத்திரிகைகளுக்கு ஓர் அறிக்கை தந்தார்.

அப்போது அவருடைய நிலை என்ன? 1942 ஆகஸ்டிலிருந்து ஏறத்தாழ 21 மாதங்கள் புனேயில் ஆகா கான் மாளிகையில் சிறை வைக்கப்பட்டிருந்தார். மகனைப் போல் உடனிருந்த மகாதேவ் தேசாய், சிறைக்கு வந்த ஆறாம் நாளே அங்கே இறந்தார். 1944 பிப்ரவரி 22-ஆம் நாள் மனைவி கஸ்தூரிபா அதே சிறையில் கண் மூடினார். நேரு முதலிய தலைவர்கள் இன்னும் சிறையில்தான் இருந்தார்கள். 1943-இன் வங்காளப் பஞ்சத்தில் பல இலட்சம் மக்கள் பட்டினியால் மடிந்திருந்தார்கள். இத்தனையும் நெஞ்சில் சுமந்த 75 வயது மனிதர் அமைதியைப் பற்றி என்ன சொன்னார்? அவருடைய கருத்துகளை நம் சொற்களில் ஐந்தாகத் தொகுத்துப் பார்ப்போம்.

முதலாவது, போரினால் நன்மை விளையும் என்ற நம்பிக்கையை வென்றவர்களே முதலில் கைவிட வேண்டும். எல்லா இனங்களும் எல்லா நாடுகளும் சமம், எல்லாருக்கும் சுதந்திரம் என்ற அடித்தளத்தில்தான் உண்மையான அமைதியைக் கட்ட முடியும்.

இரண்டாவது, அடிமை நாடுகள் இருக்கும்வரை அமைதி இல்லை. இந்தியாவின் விடுதலை இதற்கு முதற்படி. உலகில் சுரண்டப்படும் மக்கள் அனைவருக்கும் அது நம்பிக்கை தரும்.

மூன்றாவதுதான் உச்சம். சமாதானம் நீதியானதாக இருக்க வேண்டும். அது தண்டிக்கும் சமாதானமாகவோ பழிவாங்கும் சமாதானமாகவோ இருக்கலாகாது. ஜெர்மனியையும் சப்பானையும் அவமானப்படுத்தக் கூடாது. வலிமை உள்ளவர் பழிவாங்க மாட்டார். அமைதியின் பலன்களை எல்லாரும் சமமாகப் பகிர்ந்துகொண்டு, நேற்றைய எதிரியை நண்பராக்க முயல வேண்டும்.

நான்காவது, தோற்றவரின் ஆயுதத்தைப் பறித்துவிட்டு வென்றவர் மட்டும் ஆயுதத்தோடு காவல் நிற்பது அமைதி ஆகாது. எல்லாரும் ஆயுதத்தைக் கீழே வைக்க வேண்டும். பன்னாட்டுக் காவற்படை ஒன்று இருக்கலாம். ஆனால் அதுவும் மனித பலவீனத்துக்குக் கொடுக்கும் சலுகைதான். அதையே அமைதியின் அடையாளமாக எண்ணிவிடக் கூடாது.

ஐந்தாவது, மாநாட்டில் இந்தியாவுக்காகப் பேசுபவர் மக்களால் தேர்ந்தெடுக்கப்பட்டவராக இருக்க வேண்டும். இல்லையென்றால் இந்தியாவுக்குப் பிரதிநிதியே வேண்டாம். ஆங்கில அரசு அனுப்பிய குழுவுக்குத் தலைமை தாங்கியவர் நம் தமிழ் மண்ணைச் சேர்ந்த ஆற்காடு இராமசாமி முதலியார். திறமையானவர். பின்னர் ஐ.நா.வின் பொருளாதார சமூக அவைக்கு முதல் தலைவரானார். ஆனால் அவருடைய திறமை பற்றியதல்ல காந்தியடிகளின் கேள்வி. ஒரு மக்களின் வாழ்வைத் தீர்மானிக்கும் இடத்தில் அந்த மக்களின் குரல் ஒலிக்க வேண்டும் என்பதே அவர் கேட்டது.

திருத்தந்தை பெனடிக்ட் சொன்னதும் காந்தியடிகள் சொன்னதும் எவ்வளவு நெருங்கி வருகின்றன பாருங்கள். இருவரும் எல்லாத் தரப்பும் சேர்ந்து படைக்குறைப்புச் செய்ய வேண்டும் என்றார்கள். மக்களின் விருப்பத்தை மதிக்க வேண்டும் என்றார்கள். பகைக்கணக்கை மன்னித்து முடிக்க வேண்டும் என்றார்கள்.

காந்தியடிகள் 1931 டிசம்பரில் உரோமை நகருக்கு வந்தபோது, வத்திக்கானில் பாடுபட்ட சிலுவையின் முன் நின்று கண்ணீர் மல்கியதை நம்மில் பலர் கேட்டிருப்போம். மனிதர்களைப் போலவே நாடுகளும் சிலுவைத் துன்பத்தின் வழியாகத்தான் உருவாக முடியும் என்று அங்கே உணர்ந்ததாக அவரே எழுதினார். பிறருக்குத் துன்பம் கொடுப்பதால் வராத மகிழ்ச்சி, துன்பத்தைத் தானே விரும்பி ஏற்பதால் வருகிறது என்பது அவர் அங்கே கண்ட உண்மை.

இது நடக்கிற காரியமா?

சிலருக்கு இங்கே ஒரு கேள்வி எழும். "இலட்சக்கணக்கானோரைக் கொன்றவனை அவமானப்படுத்தாதே என்றால், குற்றவாளியைத் தப்பவிடு என்றுதானே பொருள்?" நியாயமான கேள்வி.

காந்தியடிகள் போர் குறித்துச் சொன்ன எல்லாவற்றையும் நாம் ஏற்றாக வேண்டும் என்பதில்லை. 1940-இல் ஆங்கிலேயர் ஆயுதத்தைக் கீழே போட்டு அறவழியில் இட்லரை எதிர்க்க வேண்டும் என்று அவர் சொன்னபோது, அவருடைய நெருங்கிய தோழர்களே ஒப்புக்கொள்ளவில்லை. திருச்சபையும், வேறு வழியே இல்லாதபோது, கடுமையான நிபந்தனைகளோடு, தற்காத்துக்கொள்ளும் உரிமை ஒரு நாட்டுக்கு உண்டு என்றுதான் போதிக்கிறது.

ஆனால் ஒரு வேறுபாட்டை நாம் தெளிவாகப் பார்க்க வேண்டும். குற்றம் செய்த ஆளைச் சட்டத்தின் முன் நிறுத்துவது வேறு. ஒரு மக்களினம் முழுவதையும் தலைகுனிய வைப்பது வேறு. முதலாவது நீதி, இரண்டாவது பழி. இரண்டாம் உலகப் போருக்குப் பின் நியூரம்பர்க் நகரில் 1945 நவம்பர் முதல் 1946 அக்டோபர் வரை நடந்த விசாரணையில் நாசித் தலைவர்கள் பெயர் சொல்லி விசாரிக்கப்பட்டார்கள். வென்றவர்களே நீதிபதிகளாக அமர்ந்த குறை அதற்கு உண்டு. ஆயினும் அங்கே குற்றக்கூண்டில் நின்றவர்கள் தனி ஆட்கள். ஜெர்மானிய மக்கள் அல்லர்.

அதன்பின் மேற்கு ஐரோப்பாவில் 1919-க்கு நேர்மாறான செயல் நடந்தது. அமெரிக்காவின் மார்ஷல் உதவித் திட்டத்தில் மேற்கு ஜெர்மனியும் சேர்க்கப்பட்டது. 1950 மே 9-ஆம் நாள் பிரான்சின் வெளியுறவு அமைச்சர் இராபர்ட் சூமான், பிரான்சின் நிலக்கரி, எஃகுத் தொழிலையும் ஜெர்மனியின் தொழிலையும் ஒரே பொது நிர்வாகத்தின் கீழ் வைப்போம் என்று அறிவித்தார். பீரங்கி செய்யும் இரும்பே இருவருக்கும் பொதுச் சொத்தானால் போர் எங்கிருந்து வரும்? 1871 முதல் 1940 வரை மூன்று முறை மோதிக்கொண்ட அந்த இரு நாடுகளும் அதன்பின் மோதவே இல்லை. நாள்தோறும் திருப்பலியில் பங்குகொண்ட அந்தச் சூமானை, 2021-இல் திருச்சபை வணக்கத்துக்குரியவர் நிலைக்கு உயர்த்தியது.

நம் நாடும் தன் பங்குக்கு ஒரு நல்ல செயலைச் செய்தது. 1952 ஜூன் 9-ஆம் நாள் சப்பானுடன் தனியாகச் சமாதான உடன்படிக்கை செய்துகொண்டு, இழப்பீடு எதுவும் வேண்டாம் என்று விட்டுக்கொடுத்தது. காந்தியடிகள் அதைக் காண உயிரோடு இல்லை. ஆனால் 1945-இல் அவர் சொன்னது வீண்போகவில்லை.

அண்டை நாட்டில் ஒரு படிப்பினை

இந்த இடத்தில் இலங்கையை நினையாமல் இருக்க முடியாது. 1951 செப்டம்பரில், சப்பானுடன் சமாதானம் செய்ய சான் பிரான்சிஸ்கோவில் நாடுகள் கூடின. இலங்கையின் சார்பில் பேசிய நிதியமைச்சர் ஜே.ஆர். ஜெயவர்த்தனா, பகை பகையால் தணியாது, அன்பினால்தான் தணியும் என்ற புத்தரின் போதனையை எடுத்துச் சொல்லி, தம் நாடு இழப்பீடு கேட்காது என்றார். சப்பானியர் அந்தப் பேச்சை நன்றியோடு நினைவில் வைத்திருக்கிறார்கள்.

அதே ஜெயவர்த்தனா குடியரசுத் தலைவராக இருந்தபோதுதான், 1983 ஜூலையில் அந்நாட்டுத் தமிழர்கள் மீது கொடிய வன்முறை ஏவப்பட்டது. தொலைவில் இருக்கும் எதிரிக்கு இரங்கிப் பேசுவது எளிது. ஒரே மண்ணில் பக்கத்தில் வாழ்பவரைச் சமமாக நடத்துவதுதான் கடினம். இதை யாரையும் ஏளனம் செய்யச் சொல்லவில்லை. நமக்கும் அது எச்சரிக்கை.

உள்நாட்டுப் போர் 2009 மே மாதம் முடிந்தது. துப்பாக்கிகள் ஓய்ந்தன. அமைதி வந்ததா? 2011 ஜனவரியில் மன்னார் ஆயர் இராயப்பு யோசேப்பு ஆண்டகை, அரசு அமைத்த நல்லிணக்க ஆணைக்குழு முன் வந்து, அரசின் புள்ளிவிவரங்களையே எடுத்து வைத்து, வன்னிப் பகுதியில் கணக்கில் வராத 1,46,679 பேருக்கு என்ன ஆனது என்று கேட்டார். 2017-இல் கிளிநொச்சி, வவுனியா முதலிய இடங்களில் காணாமல் ஆக்கப்பட்டோரின் தாய்மார்கள் பிள்ளைகளின் படங்களை ஏந்திச் சாலையோரப் பந்தலில் அமர்ந்தார்கள். அந்தத் தாய்மாரில் பலர் விடை கேட்காமலேயே இறந்துபோனார்கள். ஆயரும் 2021 ஏப்ரல் 1-ஆம் நாள், அந்தக் கேள்விக்கு விடை கிடைக்காமலே இறைவனடி சேர்ந்தார்.

குற்றத்துக்கு நீதியும் இல்லை, தோற்ற மக்களுக்கு மாண்பும் இல்லை என்றால் மிஞ்சுவது அமைதி அல்ல, சத்தமின்மை. நீதியின் விளைவே அமைதி என்று இறைவாக்கினர் எசாயா உணர்த்துவதை நாம் அறிவோம். விதைக்காமல் அறுவடையை எதிர்பார்க்க முடியுமா?

நம் பள்ளத்தாக்கு அறிந்த உண்மை

தொலைதூரக் கதை என்று இதை ஒதுக்கிவிட வேண்டாம். பழனிசெட்டிபட்டியில் வாழும் நமக்கு முல்லைப் பெரியாறு ஊரை ஒட்டி ஓடும் ஆறு. கம்பம் பள்ளத்தாக்கின் 14,707 ஏக்கர் இருபோக நிலம் அந்தத் தண்ணீரை நம்பித்தான் பச்சையாக இருக்கிறது.

அந்த அணைக்கான குத்தகை ஒப்பந்தம் 1886 அக்டோபர் 29-இல், திருவிதாங்கூர் அரசுக்கும் ஆங்கில அரசுக்கும் இடையே, 999 ஆண்டுகளுக்கு எழுதப்பட்டது. வல்லரசு ஒரு பக்கம், அதற்குக் கட்டுப்பட்ட சிறிய அரசு மறுபக்கம். திருவிதாங்கூர் மன்னர் தம் இதயத்தின் இரத்தத்தால் கையெழுத்திட்டதாகக் கேரளத்தில் இன்றும் சொல்கிறார்கள். அந்தத் தண்ணீரின் மீது நமக்குள்ள உரிமையையோ, பென்னிகுயிக் அவர்களுக்கு நாம் காட்டும் நன்றியையோ இது குறைத்துவிடாது. ஆனால் ஒரு பக்கத்தார் வற்புறுத்தப்பட்டதாக உணர்ந்தால், அந்த உணர்வு நூறாண்டு கடந்தும் உயிரோடு இருக்கும் என்பதை இது காட்டுகிறது. 1970-இல் இரு மாநிலங்களும் உட்கார்ந்து பேசி, ஏக்கருக்கு 5 ரூபாயாக இருந்த குத்தகையை 30 ரூபாயாக உயர்த்தி, மீன்பிடி உரிமையைக் கேரளத்துக்குக் கொடுத்தன. சமமாக அமர்ந்து பேசினால் திருத்திக்கொள்ள முடியும் என்பதற்கு இது ஒரு சிறு சான்று.

2011 டிசம்பரை நாம் மறந்திருக்க மாட்டோம். குமுளிச் சாலை அடைபட்டது. ஏலக்காய்த் தோட்டங்களுக்கு வேலைக்குப் போன நம் பெண்கள் அச்சத்தோடு மலையிறங்கி வந்தார்கள். இங்கே மலையாளிகளின் கடைகள் தாக்கப்பட்டன. காய்கறி வண்டிகள் நின்றன. அங்கே ஏலக்காய் பறிக்க ஆளில்லை, இங்கே அடுப்பெரியக் கூலியில்லை. யார் வென்றார்? 2014 மே 7-ஆம் நாள் உச்சநீதிமன்றம் 142 அடிவரை நீர் தேக்கலாம் என்று தீர்ப்பளித்து, மேற்பார்வைக்கு ஒரு குழுவையும் அமைத்தது. திருத்தந்தை பெனடிக்ட் 1917-இல் கேட்ட நடுவர் மன்றத்தின் பயன் இதுதான். கல்லெறிந்து தீராதது மன்றத்தில் தீர்ப்பானது. ஆனால் தீர்ப்பு வழக்கைத்தான் முடிக்கும். இடுக்கியில் இருப்பவரின் அச்சத்தையும் நம் உழவரின் கவலையையும் ஒருவர்க்கொருவர் செவிகொடுத்துத்தான் தணிக்க வேண்டும். தீர்ப்பு வந்த நாளில் எதிர்ப்பக்கத்தாரை நாம் எள்ளி நகையாடினால், அடுத்த சண்டைக்கு அன்றே விதை போட்டவர்கள் ஆவோம்.

இன்று நாம் செய்யக்கூடியது

காந்தியடிகளின் திட்டங்களில் பல இன்னும் நிறைவேறவில்லை. ஐ.நா. அமைந்தது, ஆனால் ஐந்து நாடுகள் கையில் தடுப்பு அதிகாரம் இருக்கிறது. 2024-இல் உலக நாடுகள் படைகளுக்குச் செலவிட்ட தொகை 2 இலட்சத்து 70 ஆயிரம் கோடி டாலருக்கும் மேல் என்று சுவீடன் நாட்டு ஆய்வு நிறுவனமான சிப்ரி கணக்கிட்டது. ஏறத்தாழ 12,000 அணுகுண்டுகள் உலகில் உள்ளன. அவற்றில் சில நம் நாட்டுடையவை. 1962-இல் 83 வயதான இராஜாஜி அணுகுண்டுச் சோதனைகளை நிறுத்தக் கோரி அமெரிக்கா சென்று குடியரசுத் தலைவர் கென்னடியைச் சந்தித்தார். அடுத்த ஆண்டே காற்றிலும் கடலிலும் விண்வெளியிலும் சோதனை செய்வதைத் தடை செய்யும் ஒப்பந்தம் வந்தது. சிறு குரல்கள் வீணாவதில்லை.

திருத்தந்தை 23-ஆம் யோவான் 1963-இல் எழுதிய 'அவனியில் அமைதி' திருமடல், உண்மை, நீதி, அன்பு, சுதந்திரம் ஆகிய நான்கையும் அமைதியின் தூண்களாகக் காட்டியது. அடுத்த ஆண்டு பம்பாய்க்கு வந்த திருத்தந்தை 6-ஆம் பவுல், ஆயுதச் செலவில் ஒரு பகுதியையாவது ஏழைகளுக்கான உலக நிதிக்குக் கொடுங்கள் என்று அந்த மண்ணிலிருந்தே நாடுகளிடம் வேண்டினார். 2025 மே 8-ஆம் நாள் பொறுப்பேற்ற திருத்தந்தை 14-ஆம் லியோ, மக்கள் முன் தோன்றிய முதல் நாளிலேயே, ஆயுதம் ஏந்தாத, பிறரையும் ஆயுதம் களையச் செய்கிற அமைதியைப் பற்றிப் பேசினார். எல்லாரும் ஆயுதத்தைக் கீழே வைக்க வேண்டும் என்ற 1945-ஆம் ஆண்டுக் குரலின் எதிரொலி நமக்கு அதில் கேட்கவில்லையா?

உலக மாநாட்டில் நமக்கு இருக்கை இல்லை. ஆனால் நம் வீட்டிலும் தெருவிலும் பங்கிலும் சமாதானப் பேச்சுகள் நடக்கின்றன. அண்ணன் தம்பிக்குள் வரப்புத் தகராறு, வாய்க்கால் முறைத் தண்ணீர், கல்யாண வீட்டில் விட்டுப்போன மரியாதை, திருவிழாவில் யார் தெருவுக்குத் தேர் முதலில் வருவது என்ற சச்சரவு, சாதியின் பெயரால் வரும் மோதல் ஆகியவற்றில் நாம் எப்படி ராசியாகிறோம்? பலர் முன்னிலையில் ஒருவரைக் காலில் விழ வைத்து முடித்த வழக்கு முடிந்த வழக்கா? அவர் எழுந்து போகும்போது எதைச் சுமந்துகொண்டு போகிறார்?

ஆகவே, ஒரு தகராறைத் தீர்க்க அமரும்போது மூன்று கேள்விகளை நமக்குள் கேட்டுக்கொள்வோம். இந்தத் தீர்வால் பாதிக்கப்படுபவர் தம் குரலிலேயே பேச இடம் கொடுத்தோமா? தவறு செய்தவரை மட்டும் பொறுப்பாக்குகிறோமா, அல்லது அவருடைய குடும்பத்தையும் தெருவையும் சாதியையும் சேர்த்துத் தூற்றுகிறோமா? பேச்சு முடிந்து எழும்போது, தோற்றவர் நாளைக் காலை நம் முகத்தைப் பார்த்துப் பேச முடியுமா?

தீங்கு செய்தவருக்கு நன்மை செய்து அவரே நாணும்படி செய்வதுதான் சரியான தண்டனை என்று வள்ளுவர் நமக்குச் சொல்லித் தந்திருக்கிறார். அந்த நாணம் உள்ளிருந்து பிறப்பது. நாம் பிறர்மீது திணிக்கும் அவமானம் அல்ல. உயிர்த்த ஆண்டவரும் தம்மைக் கைவிட்டு ஓடிய சீடர்கள் நடுவே வந்து நின்றபோது பழைய கணக்கைக் கேட்கவில்லை. அமைதியைத்தான் வாழ்த்தாகத் தந்தார். மறுதலித்த பேதுருவைக் கடற்கரையில் உணவருந்தச் செய்தபின்தான், அன்பைப் பற்றிக் கேட்டு, மந்தையையே அவர் கையில் ஒப்படைத்தார்.

திருப்பலியில் ஒருவருக்கொருவர் சமாதானம் சொல்லும் வேளையில், பக்கத்தில் நிற்பவருக்குக் கை கூப்புவது நமக்கு எளிது. நான்கு வரிசை தள்ளி நிற்கிறாரே, வழக்கில் நம்மிடம் தோற்றுப்போனவர், அவர் பக்கமும் இந்த ஞாயிறன்று திரும்பிக் கை கூப்புவோம். அந்த மனத்துணிவை அமைதியின் அரசரிடம் கேட்டுச் செபிப்போம்.